நல்ல கை

என் கடையில் இரண்டு தராசுகள் உண்டு. வாசலில் தொங்குவதைப் பற்றித் தெருவில் நல்ல பேச்சு கிடையாது. பழைய பேப்பரும் பழைய இரும்பும் வாங்குகிறவனுடைய தராசை யார் நம்புவார்கள்? வீட்டிலேயே நிறுத்துப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் முள்ளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். இன்னொரு தராசு உள்ளே இருந்தது. வட்ட முகம், ஐம்பது கிலோ வரை எண், கீழே ஒரு கொக்கி. மொத்த வியாபாரியின் லாரி வரும்போது மட்டும் அதை எடுப்பேன். அதில் துளி பிசகு கிடையாது. நான் விற்கும்போது ஏமாறத் தயாராக இல்லை, அவ்வளவுதான். எதிர்வீட்டுக் கயிற்றுக்காரரின் மனைவி தராசு கேட்டு வந்த அன்று அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். அதை ஏன் கொடுத்தேன் என்று இன்றுவரை என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கயிற்றுக்காரருக்கு மாவு மில்லில் வேலை. எங்கள் தெரு போய் முட்டுகிற இடத்தில் மில்லின் நான்கு கோதுமைத் தொட்டிகள் நிற்கின்றன. தொட்டி என்று பேர்தானே தவிர, ஒவ்வொன்றும் பத்து மாடி உயரத்துக்கு வட்டமாக எழுப்பிய சிமெண்டுக் கூண்டு. மழைக்காலத்தில் ஈரம் ஏறி உள்சுவரில் கோதுமை அடை அடையாக ஒட்டிக்கொள்ளும். மேல் வாய் வழியாக ஓர் ஆள் கயிற்றில் இறங்கி, நீளக் கம்பியால் தட்டித் தட்டி அதை உதிர்க்க வேண்டும். இன்னோர் ஆள் மேலே நின்று கயிற்றைப் பிடிக்க வேண்டும். இரும்புத் தூணில் ஒரு சுற்று, மிச்சம் கையில். கயிற்றைச் சுற்றிப் பிடிக்க மோட்டார் வைத்த உருளை ஒன்று வேண்டுமென்று நான்கு வருஷமாக மனு கொடுக்கிறார்கள். மனு வாங்குகிற அதிகாரி மூன்று முறை மாறிவிட்டார், உருளை வந்தபாடில்லை.

இறங்குகிறவன் கயிற்றுக்காரரின் மச்சினன், மனைவியின் உடன்பிறந்த தம்பி. நாளெல்லாம் சுவரைக் கொத்துவதால் மில்லில் அவனுக்கு மரங்கொத்தி என்று பேர். ஒல்லியான உடம்பு, ஓயாத வாய். தாய் தகப்பன் போன பிறகு அக்காதான் அவனை வளர்த்தாள். அவளுக்குக் குழந்தை இல்லை. இருபத்தேழு வயசு ஆன அவன்தான் அந்த வீட்டின் குழந்தை.

தெருவிலிருந்து பார்த்தால் தொட்டியின் உச்சியில் இரண்டு புள்ளிகள் தெரியும். ஒன்று மறைந்தால் மரங்கொத்தி இறங்கிவிட்டான் என்று அர்த்தம். அந்த நேரம் அவன் அக்கா எந்த வேலையில் இருந்தாலும் அது அப்படியே நின்றுவிடும். துணி பிழிந்துகொண்டிருந்தால் முறுக்கிய துணி கையிலேயே இருக்கும். மறுபடி புள்ளி இரண்டானதும் ஒன்றும் நடக்காததுபோல உதறிக் கொடியில் போடுவாள். எனக்கு அது பழகிவிட்டது. அவள் துணி உதறும் சத்தம் கேட்டால், பையன் மேலே வந்துவிட்டான் என்று நானும் என் பேப்பர் கட்டைப் பார்ப்பேன்.

அவள் தராசு கேட்டு வருவதற்கு நாலு மாதத்துக்கு முன், பருவம் தப்பிப் பெய்த மழையில், மூன்றாம் நம்பர் தொட்டியில் கதவளவு அடை ஒன்று பெயர்ந்து மரங்கொத்தியின் மேல் விழுந்தது. காலடியில் இருந்த கோதுமை அவனை உள்ளே இழுத்தது. மேலே கயிற்றுக்காரரின் வலது முழங்கைக்கு மேல் ஏதோ பட்டென்று அறுந்தது. தசைநார் கிழிந்த சத்தம் அது. அவர் விடவில்லை. மற்றவர்கள் ஏணிப்படியில் ஓடி வந்து சேர ஏழு நிமிஷம் ஆயிற்று. ஏழு நிமிஷமும் ஏறக்குறைய இடது கையிலேயே நிறுத்தி வைத்திருந்தார். அதற்குப் பிறகு மில்லில் அந்த இடது கையைத் தொட்டுப் பார்த்தவர்கள்கூட உண்டு.

வலது கையில் அறுவை செய்து, அறுந்த தசைநாரை எலும்போடு தைத்தார்கள். அவர் இடத்தில் வந்தவன் போன்காரன். நல்ல பையன்தான், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாதவன். ஆனால் ஒரு கையில் கயிறு, ஒரு கையில் போன். மழை தொடங்கிய வாரம் ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் மரங்கொத்தி சிரித்துக்கொண்டே சொன்னானாம், "இன்னைக்கு இடுப்பு வரைக்கும் புதைஞ்சிட்டேன்க்கா. கத்தறேன், கத்தறேன், அவன் ஏதோ வீடியோ பாத்துச் சிரிச்சிட்டிருக்கான். நான் ஏதோ பாட்டுப் பாடறேன்னு நினைச்சானாம்." அவள் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் என் கடை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, கொக்கித் தராசு ஒண்ணு வேணும்."

"எதுக்கு தங்கச்சி?"

"அவருக்குக் கை பரிட்சை. ஏழு வாரத்துல. அதுல தேறினாத்தான் கயித்துக்கு விடுவாங்க. தேறலைன்னா மூட்டை தைக்கிற பக்கம் போட்டுருவாங்க, அப்புறம் காலத்துக்கும் அங்கதான்."

"மூட்டை தைக்கிறது நல்ல வேலைதானே. உக்காந்த இடம்."

"அவருக்கு நல்ல வேலைதான். என் தம்பிக்கு?"

நான் உள்ளே போய்த் தராசை எடுத்தேன். அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது சரியா காட்டுமா?"

"இது நான் விக்கிறப்போ பாக்கிற தராசு."

"அப்போ சரியாத்தான் காட்டும்," என்றாள். கேலி செய்கிறாளா என்று பார்த்தேன். அவள் முகத்தில் கேலி இல்லை.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டில் முதல் சோதனை நடந்தது. மருத்துவமனையில் எப்படிச் செய்வார்கள் என்று ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். நாற்காலியில் நேராக உட்கார வேண்டும். முழங்கை விலாவை ஒட்டி மடங்கி இருக்க வேண்டும். மணிக்கட்டில் ஒரு பட்டை, பட்டையில் சங்கிலி, சங்கிலியின் மறுமுனை அசையாத ஒன்றில். கையை மேலே இழுக்க வேண்டும். கை நகராது, சங்கிலி நகராது, ஐந்து விநாடிக்கு இழுப்பு மட்டும் இருக்கும். எவ்வளவு இழுப்பு என்று எண் சொல்லும். சங்கிலி நடுவில் என் தராசை மாட்டினோம். இவர்கள் வீட்டில் அசையாத ஒன்று இரும்புக் கட்டில்தான். அதுவும் தூக்கிக்கொண்டது. அவள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நின்றது.

"நல்லவேளை, கல்யாணத்தப்போ இருந்த உடம்பு இல்ல இப்போ," என்றார் கயிற்றுக்காரர்.

"பேசாம இழுங்க."

இடது கைக்கு முள் நாற்பத்தொன்றுக்குப் போயிற்று. வலது கைக்குப் பத்தொன்பது. தாளில் எழுதியிருந்தது: பழுதான கையின் பலம் நல்ல கையின் பலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு இருக்க வேண்டும்.

நான் கணக்குப் போட்டேன். அதுதான் என் தொழில். "முப்பத்தேழு வரணும். ஏழு வாரத்துல வராது."

மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. ஈரமான கோதுமையின் புளித்த வாடை தெருவெல்லாம் இருந்தது. அப்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. இருபது வருஷமாகத் தட்டுகளைச் சமமாக்கியே பழகிய வாய்.

"ரெண்டு பக்கமும் ஒத்துப்போகணும், அவ்வளவுதானே? இந்தப் பக்கம் ஏத்த முடியலைன்னா அந்தப் பக்கம் இறக்குங்களேன்."

கயிற்றுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு தன் இடது கையைப் பார்த்தார்.

"நல்ல கையைக் குறைச்சு இழுக்கச் சொல்றீங்களா?"

"முப்பதுக்கு இறக்குங்க. அப்போ இதுக்கு இருபத்தேழு போதும். இருபத்தேழு வந்துடும்."

அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "அது பொய்யில்ல?" என்றார். அவள் கட்டிலை விட்டு இறங்காமலே சொன்னாள், "உங்க பலம் எங்கயும் போகப்போறதில்ல. பரிட்சை வைக்கிற அம்மா முன்னாடி அஞ்சு நிமிஷம் ஒளிச்சு வைக்கிறீங்க. அப்புறம் எடுத்துக்கோங்க. போன்காரன் கையில என் தம்பியை விட்டுட்டு நான் தினமும் மேல பாத்துட்டு நிக்கணுமா?"

அவர் பட்டையை மாட்டச் சொல்லி இடது கையை நீட்டினார்.

ஆனால் பொய்யாக இழுப்பது அவ்வளவு லேசான காரியம் இல்லை. மில்லில் ஒருவன் இதே மாதிரி செய்து மாட்டிக்கொண்டிருந்தான். மூன்று தடவை இழுக்கச் சொல்வார்களாம். முழு பலத்தோடு இழுத்தால் மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக வரும். நடித்தால் ஒன்று இருபத்திரண்டு, ஒன்று முப்பத்தைந்து என்று அலையும். அதனால் அவள் ஒரு சட்டம் போட்டாள். இடது கை இனிமேல் முப்பதுக்கு மேல் இழுக்கவே கூடாது. சோதனையில் மட்டுமல்ல, வீட்டில், தெருவில், எங்கேயும்.

"கை மறக்கணும். முப்பதுதான் முழு பலம்னு அதுவே நம்பணும்," என்றாள்.

தண்ணீர் வாளி அவள் தூக்கினாள். எரிவாயு உருளை வந்தால் அவளே உருட்டினாள். கட்டில் மெத்தையை வெயிலில் போட என்னைக் கூப்பிட்டாள், அவரைத் தொட விடவில்லை. அந்த இடது கைக்கு ரொட்டி பிய்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. வலது கைதான் நாள் முழுக்க ரப்பர் பட்டையை இழுத்தது, மணல் பையைத் தூக்கியது.

சாயங்காலம் நான் கடையடைத்துவிட்டுப் போனால் சோதனை நடக்கும். அவர் கண்ணை மூடிக்கொள்வார். அவள் கட்டிலில் உட்கார்ந்து முள்ளைப் பார்ப்பாள்.

"முப்பத்தாறு. அதிகம்."

"இருபத்தஞ்சு. என்னங்க, தூங்கறீங்களா?"

"முப்பத்தொண்ணு. இதோ, இதைப் புடிச்சுக்கோங்க."

ஐந்தாவது வாரத்தில் முப்பது, முப்பது, இருபத்தொன்பது என்று வர ஆரம்பித்தது. மரங்கொத்தி ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "மாமா, மில்லை விட்டுட்டு நாடகத்துல சேந்துருங்க" என்றான். எல்லாருமே சிரித்தோம். அந்த ஏழு வாரமும் ஒரே ஒரு தடவைகூட அவர் அந்தக் கையை முழுசாக இழுக்கவில்லை. எங்கள் நடிப்பு கெட்டுவிடுமோ என்ற பயம்தான் எங்களுக்கு இருந்தது. வேறு பயம் வரவில்லை.

சோதனை நாளன்று என் மூன்று சக்கர வண்டியில்தான் போனோம். சோதிக்கிற அம்மாவுக்கு முப்பது வயது இருக்கலாம். சின்னக் குரல். சுவரெல்லாம் வெள்ளை, தரையில் பதித்த ஒரு வளையம், அதிலிருந்து சங்கிலி, சங்கிலி நடுவில் தீப்பெட்டி அளவு ஒரு கருவி. அவருடைய இடுப்பை நாற்காலியோடு பட்டை போட்டுக் கட்டினாள். உடம்பைச் சாய்த்து இழுத்து ஏமாற்றக் கூடாது என்பதற்காக.

"மெதுவா ஆரம்பிச்சு முழு பலத்தையும் குடுங்க. எதுவும் அசையாது, அசையலைன்னு விட்டுடாதீங்க. இழுங்க, இழுங்க, இழுங்க… போதும், விடுங்க."

ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிஷம் ஓய்வு. நல்ல கை: முப்பது, இருபத்தொன்பது, முப்பது. பழுதான கை: இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தேழு. கயிற்றுக்காரரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த அம்மா தாளைப் பார்த்தாள். உடனே கையெழுத்துப் போடவில்லை.

"வேலை கயிறு பிடிக்கிறதுன்னு போட்டிருக்கு. அதுக்கு இந்த இடது கை கம்மியா இருக்கே."

அவர் தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னார். "ஆறு மாசமா சும்மாவே உக்காந்திருக்கேம்மா."

"ம். அதுவும் நடக்கிறதுதான். அடிபட்ட கையைப் பாத்துக்கிட்டே நல்ல கையை விட்டுடுவாங்க. அதுவும் சேந்து இளைச்சுப் போயிடும். வெளியில தெரியாது." பேனாவால் தாளின் ஓரத்தைத் தட்டினாள். "இந்தத் தாள்ல அதுக்குக் கட்டம் இல்ல. ரெண்டுக்கும் விகிதம் மட்டும்தான் கேக்கறாங்க. விகிதம் சரியா இருக்கு. நான் ஓரத்துல எழுதறேன், முதல் ரெண்டு மாசம் பாரம் வேண்டாம், ரெண்டு கையையும் பலப்படுத்தணும்னு. உங்க மேஸ்திரிகிட்ட அதைக் காட்டுங்க."

"காட்டறேம்மா."

வண்டியில் திரும்பும்போது வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தோம். "பாத்தீங்களாண்ணே," என்றாள் அவள், "நாம சொல்ல வேண்டிய காரணத்தை அவங்களே எடுத்துக் குடுத்துட்டாங்க." மேஸ்திரி ஓரத்தில் எழுதியதைப் படிக்கவில்லை. கட்டத்தில் தொண்ணூறு என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை மூன்றாம் நம்பர் தொட்டிக்கு வரச் சொல்லிவிட்டார். தொடர்ந்து பதினோரு நாள் மழை பெய்திருந்தது. உள்ளே அடை ஆளுயரத்துக்கு ஏறியிருக்கிறது என்று மில்லில் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை மாலை என் தராசை வாங்கிவர எதிர்வீட்டுக்குப் போனேன். முட்டை பொரிக்கிற வாசனை. மரங்கொத்தி ஈரச் செருப்பைக் கதவோரம் விட்டுவிட்டுப் பின்பக்கம் கால் கழுவிக்கொண்டிருந்தான். வீட்டில் நல்ல நாள் களை இருந்தது.

"கடைக்காரரே, போறதுக்கு முன்னாடி ஒரு தடவை இழுத்துடறேன்," என்றார் கயிற்றுக்காரர். "ஏழு வாரமா கட்டிப்போட்ட கை. அவுத்து விடுவோம்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அவர் பட்டையை இடது மணிக்கட்டில் மாட்டினார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்தது. விட்டார்.

அவள் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னங்க, முழுசா இழுங்க."

"முழுசாத்தான் இழுத்தேன்."

"இது முப்பதுங்க. பழக்கதோஷம். இன்னொரு தடவை இழுங்க."

அவர் மறுபடி இழுத்தார். நாற்காலி முனகியது. பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. முள் முப்பத்தொன்றைத் தொட்டது, நடுங்கியது, முப்பதுக்கு இறங்கி நின்றது. மூன்றாவது தடவை இருபத்தொன்பது. எந்த நடிப்பும் இல்லாமல் மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக வந்தன.

"தராசுலதான் ஏதோ கோளாறு," என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை. "மழை ஈரத்துல வில்லு இறுகியிருக்கும். இருங்க."

தெருவைத் தாண்டி ஓடினேன். கடையில் முத்திரை குத்திய இருபது கிலோ எடைக்கல் ஒன்று இருக்கிறது. இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். கதவு நிலையில் தராசை மாட்டிக் கல்லைத் தொங்கவிட்டேன். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை என் தராசு பொய் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். முள் ஆடி அடங்கி இருபதில் நின்றது. துளி பிசகவில்லை.

கயிற்றுக்காரர் இடது கையை மடியில் வைத்து வலது கையால் அமுக்கிப் பார்த்தார், சந்தையில் காய் வாங்குகிறவர் மாதிரி. "எங்க போச்சு?" என்றார். அவரைவிடப் பெரிய ஆளாக நான் யாரையும் நினைத்ததில்லை. அவர் அப்படிக் கேட்டது தாங்க முடியவில்லை.

மரங்கொத்தி துண்டால் காலைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். "என்ன, கடைசி ஒத்திகையா? எவ்வளவு வந்துச்சு?"

"முப்பது," என்றாள் அக்கா.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, பரிட்சை முடிஞ்சிருச்சு. இன்னும் வேஷத்தைக் கலைக்கலையா?"

"தம்பி, வேஷம் இல்லடா. நெசமாவே முப்பதுதான் வருது. அவரால அவ்வளவுதான் முடியுது. நாளைக்கு நீ இறங்காத."

"அக்கா, நீயும் நல்லா நடிக்கிற." அவன் தட்டில் இருந்த முட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். "ஏழு நிமிஷம் இந்தக் கையிலதான் நான் தொங்கினேன். தராசு சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? அப்படியே முப்பதுன்னாலும் போன்காரனைவிட மேல். நாளைக்கு நான் இறங்கலைன்னா வேற ஒருத்தனை இறக்குவாங்க. அவனுக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க."

அவன் வெளியே போன பிறகு மிச்ச முட்டை ஆறிப்போய்க் கிடந்தது. அவள் அழவில்லை. புருஷன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"காலையில மேஸ்திரிகிட்ட சொல்லிடுங்க. அந்தம்மா ஓரத்துல எழுதினதைக் காட்டுங்க. மூட்டை தைக்கப் போறேன்னு சொல்லுங்க. போன்காரனை நான் பாத்துக்கறேன், அவன் அம்மாகிட்ட போய் நிக்கறேன்."

"சொல்லிடறேன்."

"என் மேல சத்தியமா?"

"சொல்லிடறேன்னு சொல்றேன்ல."

தராசை எடுத்துக்கொண்டு வந்தேன். உள்ளே வைக்க மனசு வரவில்லை. வாசலில் இருந்த பொய்த் தராசைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன்.

காலையில் மழை விட்டிருந்தது. ஏழு மணிச் சங்குக்கு மாமனும் மச்சினனும் சேர்ந்து தெருவில் போனார்கள். மரங்கொத்தி ஏதோ சொல்லிக்கொண்டே போனான். கயிற்றுக்காரர் தலையைக் குனிந்திருந்தார். சட்டைப் பையில் அந்தத் தாள் மடித்து வைத்திருந்தது வெளியே தெரிந்தது. அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

எட்டு மணிக்கு அவள் பழைய பேப்பர் கட்டோடு என் கடைக்கு வந்தாள். பேப்பர் வெறும் சாக்குப்போக்குதான். தனியாக வீட்டில் நிற்க முடியவில்லை அவளால். என் வாசலிலிருந்து மூன்றாம் நம்பர் தொட்டி நன்றாகத் தெரியும்.

"சொல்லியிருப்பாரு, இல்லண்ணே?"

"சொல்லியிருப்பாரு. தாள் பையில இருந்துச்சு, நான் பாத்தேன்."

உச்சியில் இரண்டு புள்ளிகள் வந்தன. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. நெட்டையாக நின்றவர் யார் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்தது. மரங்கொத்தியும் குட்டை, போன்காரனும் குட்டை.

"சும்மா ஏறியிருப்பாரு," என்றாள். "மேஸ்திரி மேல இருப்பாரு. அங்க போய்ச் சொல்லலாம்னு."

"ஆமா தங்கச்சி."

குட்டைப் புள்ளி குனிந்தது. பிறகு அங்கே ஒரே ஒரு புள்ளிதான் இருந்தது.

அவள் கையிலிருந்த பேப்பர் கட்டு சரிந்து சேற்றில் விழுந்தது. தான் விழாமல் இருக்க அவள் பிடித்தது தராசுக் கொக்கியை. பிடித்தவள் விடவில்லை. இரண்டு கையாலும் கீழ்நோக்கி இழுத்தபடி, மேலே பார்த்தபடி நின்றாள். முள் இருபத்துநான்கில் நின்றது. நான் மனசுக்குள் எண்ணினேன். ஐந்து விநாடி ஆயிற்று, ஒரு நிமிஷம் ஆயிற்று, தெருவில் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். முள் இறங்கவில்லை. தொட்டியின் உச்சியில், கயிற்றில் பாரம் ஏறியதுபோல, அந்த ஒற்றைப் புள்ளி மெல்லப் பின்னால் சாயத் தொடங்கியது.